ஒரு கட்டம் தள்ளிப்போன ஆறு

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் களப்பணிக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு டேப்லெட் கையில். இனிமேல் கள ஏடு கிடையாதாம். எல்லாம் திரையிலேயே பதிவு. ஆற்றின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கு எதிரே, சரிபார்க்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள்.

"அக்கா, உங்க ஏட்டுல மூணு எழுத்து போட்டிருப்பீங்களே, அத்த இதுல எங்க போடறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

சண்டே ஆற்றின் கதையைச் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் மற்றவர்களுக்கும் காட்டுவோம் என்றார்கள். அதனால் இது.

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வயது முப்பத்து நான்கு. பதினோரு வருடம் மலையில் நில அளவை செய்தேன். வலது முட்டி போதும் என்றது, மருத்துவரும் அதையே சொன்னார். இப்போது கீழே செங்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. அந்தப் பதினோரு வருடத்தில் மிச்சமிருப்பவற்றைப் பட்டியலிட்டால்: ஒரு தேய்ந்த பூட்ஸ், பதினேழு கள ஏடுகள், ஜீப்பின் பின்சீட்டில் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்ற அறிவு. பிறகு இந்தக் கதை.

பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன், பிறகு வரைபட மென்பொருள். மலைக்கு வரும்போது ஒரு மலையை உயரக்கோடுகளாகப் பார்க்க மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. மற்றதெல்லாம் பரிமளா மேடத்திடம் வந்தபின்.

பரிமளா மேடம் எங்கள் பிரிவின் தலைமை அளவர். என்னைவிட எட்டு ஒன்பது வயதுதான் மூத்தவர். தாள்களைச் சரிபார்க்கும்போது உட்காரமாட்டார். மேசையைச் சுற்றி நின்றபடியே நடப்பார். கையில் பென்சில் இருக்கும், ஆனால் கூரான முனையால் எதையும் தொடமாட்டார். மழுங்கிய முனையைச் சந்தேகமான இடத்தில் வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இத்த யாரு சொன்னது?" என்பார். அவ்வளவுதான்.

நான் சேர்ந்த முதல் மாதம், புதூர்நாடு பக்கம் ஒரு ஓடையின்மேல் சிறு பாலம் ஒன்றைக் குறித்திருந்தேன். பென்சிலின் மழுங்கிய முனை அங்கே வந்து நின்றது.

"யாரு சொன்னது?"

"டிரைவர் சொன்னார் மேடம். அந்த வழியாத்தான் தினமும் போறாராம்."

"நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்ப இது டிரைவரோட பாலம். உன்னோடது இல்ல."

அன்றிலிருந்து எங்கள் ஏட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ஒரு எழுத்து வைக்க வேண்டும். ப என்றால் பார்த்தது. கே என்றால் கேட்டது. க என்றால் கணக்கிட்டது. பொய் சொல்வது பெரிய குற்றமில்லை, எழுத்தை மாற்றிப் போடுவதுதான் பெரிய குற்றம் என்பது அவர் கொள்கை. பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம், மாறிய எழுத்தை யாரும் தேடிப்போகமாட்டார்கள் என்பார். அந்தப் பாலம், போய்ப் பார்த்தபோது, இருந்தது. அதற்காக அவர் ஒன்றும் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை.

இனி ஆறு.

ஜவ்வாது மலையின் மேற்புறத்தில் பலாக்கானூர் என்று ஒரு சிற்றூர். சாமை, கேழ்வரகு, புளி, கடுக்காய், பலா. ஊருக்கு மேலே ஓர் ஆறு இரண்டு கிளைகளாக இறங்கி வந்து ஊருக்குக் கீழே ஒன்றாகச் சேர்கிறது. ஊர்க்காரர்களுக்குக் கிழக்கே இருப்பது கீழாறு, மேற்கே இருப்பது மேலாறு. சேர்ந்தபின் வெறும் ஆறு. வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தில் அந்தச் சேர்ந்த பகுதியின்மேல் 'சண்டே ரிவர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எந்தக் கிளை சண்டே ரிவர் என்று அந்த வரைபடம் சொல்லவில்லை.

சொல்லாதது நூறு வருடத்துக்கு மேல் யாருக்கும் தொந்தரவாக இல்லை. நாங்கள் கணினியில் புது வரைபடம் போட வந்தபோதுதான் தொந்தரவு. ஏனென்றால் வனத்துறையின் காப்புக்காட்டுக்கு எழுதிய பழைய எல்லை விவரத்தில், "கிழக்கே சண்டே ரிவர்" என்று இருந்தது. அதாவது சண்டே ரிவருக்கு மேற்கே இருப்பதெல்லாம் காப்புக்காடு. இரண்டு கிளைகளுக்கும் நடுவே ஒரு சரிவு இருக்கிறது. பலாக்கானூரின் புளியும் கடுக்காயும் அங்கேதான் விளைகின்றன. மேலாறுதான் சண்டே ரிவர் என்றால் சரிவு ஊருக்குப் பொது நிலம். கீழாறுதான் சண்டே ரிவர் என்றால் சரிவு முழுக்கக் காப்புக்காடு. தலைமுறையாக உலுக்கிய மரத்தை உலுக்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஆற்றுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தால் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். அதற்குத்தான் கதைகள். நான் எழுதிக்கொண்டவை மூன்று. கீழ்நாட்டில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற வனக்காவலர் சொன்னது: ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு துரை வேட்டைக்கு வந்து தங்குவான், அவன் கூடாரம் போட்ட இடம் கீழாற்றங்கரை. செங்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் சொன்னது: ஒரு பாதிரியார் கீழாற்றங்கரைப் பாறையில் ஞாயிறு ஜெபம் நடத்தினார். மூன்றாவது பலாக்கானூரின் கதை: துரையின் குதிரைக்குப் பெயர் சண்டே. மேலாற்றில் வெள்ளம் வந்தபோது அது செத்தது, கரையிலேயே புதைத்தார்கள், மேடு இன்னும் இருக்கிறது.

மூன்றுக்கும் எதிரே கே என்று போட்டேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன்.

பிறகு ஆவணக்கிடங்கிலிருந்து ஒரு நகல் கிடைத்தது. அந்தக் காலத்து அளவைக் குழுவின் நாள்வாரி அட்டவணை, ஒரே ஒரு தாள். மேலே திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு பத்திகள். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் அன்று எத்தனை சங்கிலி அளந்தார்கள் என்ற எண். சங்கிலி என்பது அறுபத்தாறு அடி. முதல் இரண்டு வரிசைகளில் திங்கள் முதல் சனி வரை எண்கள், ஞாயிறு காலி. துரைமார் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றாவது வாரம் மலைக்கு மேலே. செவ்வாயன்று ஒரு எல்லைக்கல்லிலிருந்து மேற்கு நோக்கிப் புது அளவைக் கோடு ஒன்றைத் தொடங்குகிறார்கள். அந்தக் கல் இன்றும் இருக்கிறது, நானே பார்த்தேன். செவ்வாயிலிருந்து சனி வரை எண்கள். ஞாயிறு கட்டத்திலும் ஓர் எண்: முப்பத்தெட்டு. ஓரத்தில் 'சண்டே ரிவர்' என்று எழுத்து. நான்காவது வரிசையில் திங்கள் காலி, செவ்வாய்க்கு ஓர் எண், அதற்குப்பின் தாள் கிழிந்திருந்தது. அடியில் எழுத்தர் குறிப்பு ஒன்று: அந்தக் கல்லை எட்டியதும் கீழ்நாட்டுக் கூலிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மலையாட்களை வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்த முப்பத்தெட்டு உறுத்தியது. ஞாயிறு எப்படி வேலை? அடுத்த திங்கள் காலி வேறு. எழுத்தர் நகலெடுக்கும்போது திங்களின் எண்ணை முந்தைய வரிசையின் கடைசிக் கட்டத்தில் போட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன். பாலிடெக்னிக்கில் அட்டவணைப் பிழை திருத்தத்துக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவள். எண்ணை ஒரு கட்டம் நகர்த்தி, திங்களின் கீழ் போட்டேன்.

அப்படிப் போட்டதும் எல்லாம் அழகாகப் பொருந்தியது. செவ்வாய் முதல் சனி வரையிலான ஐந்து நாள் எண்களைக் கூட்டினால் கல்லிலிருந்து சரியாகக் கீழாறு. சனி மாலை கீழாற்றங்கரையில் கூடாரம், ஞாயிறு ஓய்வு, அதனால் சண்டே ரிவர். இரண்டு கதைகள் வேறு கீழாற்றுப் பக்கம். கீழாற்றின்மேல் பெயரை ஏற்றினேன். ஏட்டில் எதிரே ப என்று போட்டேன். அட்டவணையைக் கண்ணால் பார்த்தேன் அல்லவா?

பரிமளா மேடம் அந்த வாரம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து தாளைப் பார்த்தபோது மழுங்கிய முனை அந்த ப-வின்மேல் ஒரு நொடி நின்றது. நான் அட்டவணை இருக்கிறது என்றேன். முனை நகர்ந்துவிட்டது. வரைவு வெளியானது. ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள் ஒரு புதன்கிழமை.

அதற்கு முந்தைய வாரம் நான் பலாக்கானூர் போனபோது ஊரே தெரிந்து வைத்திருந்தது. காசியம்மாள் வார்டு உறுப்பினர். நாற்பது வயது இருக்கும். புளியந்தோல் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"வாங்க மேடம். ஆத்தையே தூக்கி இந்தப் பக்கம் வெச்சிட்டீங்களாமே. வெயிட்டா இருந்துச்சா?"

"நான் வெக்கலைங்க. பழைய கணக்குல அப்டி இருக்கு."

"பழைய கணக்குல குதிர இல்லியா?"

"குதிரையப் பத்தி எழுத்துல ஒண்ணும் இல்லைங்க."

"குதிர எழுதுமா இன்னா?" என்றான் அவருடைய கொழுந்தன் சின்னராசு. ஜீப் ஓட்டுகிறவன். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். காசியம்மாள் சிரிக்கவில்லை.

"இத பாருங்க மேடம். நீங்க படிச்சவங்க, எங்களுக்கு எதிரா வேணும்னு செய்வீங்கன்னு நான் சொல்லல. ஆனா அந்தச் சரிவு போச்சுன்னா இந்த ஊர்ல பாதி வூட்டுக்கு வருசத்துல நாலு மாசம் வேலை இல்ல. எழுத்துதான் வேணும்னா எங்ககிட்ட இல்ல. எலும்பு வேணும்னா இருக்கு. மேட்டத் தோண்டிக் காட்டுறோம். குதிர எலும்பு வந்தா ஒத்துக்குவீங்களா?"

குதிரை எலும்பு வந்தாலும் அதன் பெயர் எலும்பில் எழுதியிருக்காது என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை. ஆட்சேபத்தோடு இணைக்க ஒரு பொருளாவது இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன். எனக்கு இருந்த ஒரே நாள் வரும் திங்கள். தலையாட்டினார்கள். நாளைச் சொன்னபோது காசியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை மேலாற்றங்கரைக்கு ஊரில் பாதி வந்திருந்தது. பாறைகளுக்கு நடுவே ஒரு மேடு, அதன்மேல் நெல்லி மரம். எல்லோரும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். கடப்பாரை இல்லை, மண்வெட்டி இல்லை.

"எங்க, ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காசியம்மாள்தான் சொன்னார்.

"இன்னைக்குத் திங்கக்கெழம மேடம். மண்ணுல இரும்பு எறக்க மாட்டோம். நீங்க வரச் சொன்னீங்க, மரியாதைக்கு வந்துட்டோம். நாளைக்குத் தோண்டறோம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தேன். நீங்க எழுதினு இருந்தீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கீழேயிருந்து மூன்று மணி நேரம் ஜீப்பில் வந்திருந்தேன். புதன் கடைசி நாள். "ஆதாரம் காட்றேன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு நாள் மண்ணைத் தொட்டா இன்னா ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா தொடமாட்டோம்," என்றார் காசியம்மாள் அமைதியாக. "எங்க மாமனாரு காலத்துல ரோடு போட வந்தவங்க மூணு மடங்கு கூலி குடுக்கறேன்னாங்க. திங்கக்கெழம யாரும் போவல."

"குதிர எங்கயும் ஓடிடாது மேடம்," என்றான் சின்னராசு. "நாளைக்கும் செத்துதான் இருக்கும்."

நான் பாறையில் உட்கார்ந்தேன். செய்வதற்கு எதுவும் இல்லாதபோது ஏட்டை எடுப்பது என் பழக்கம். அட்டவணையின் நகலை அதற்குள் மடித்து வைத்திருந்தேன். விரித்தேன். நான்காவது வரிசை. திங்கள் கட்டம். பென்சிலால் நான் எழுதிச் சேர்த்த முப்பத்தெட்டு. அதற்கு அடியில், அசல் தாளின் வெற்றிடம்.

நிமிர்ந்து, வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன்.

"காசியம்மா," என்றேன். அதுவரை அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழமைக்கு இன்னா?"

"ஞாயித்துக்கெழம இரும்பு எறக்குவீங்களா?"

"ஏன் எறக்காம? அன்னைக்குத்தான் ஆள் சுலபமா கெடைக்கும்."

சங்கிலி அளவையில் ஒவ்வொரு சங்கிலி நீளத்துக்கும் ஓர் இரும்பு முளையை மண்ணில் குத்துவார்கள். குத்துகிறவர்கள் கூலியாட்கள். அந்த எல்லைக்கல்லோடு கீழ்நாட்டுக் கூலிகள் திரும்பிப் போய்விட்டார்கள். இழுத்தவர்கள் மலையாட்கள். திங்களன்று அவர்கள் முளை குத்தமாட்டார்கள் என்றால் துரை என்ன செய்வான்? வாரத்தில் இரண்டு நாள் சும்மா இருக்க அவனால் முடியாது. தன் ஓய்வு நாளை மாற்றிக்கொள்வான். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. எழுத்தர் தப்பே செய்யவில்லை. முப்பத்தெட்டு சங்கிலியும் ஞாயிறன்று அளந்தது. அன்று மாலை அவர்கள் எட்டியது கீழாறு அல்ல, அதைக் கடந்து முப்பத்தெட்டு சங்கிலி தள்ளி இருந்த ஆறு.

கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியில் கீழாற்றுக்கும் மேலாற்றுக்கும் நடுவே, அந்தப் பழைய கோட்டின் வழியே தூரம் பார்த்தேன். முப்பத்தெட்டு சங்கிலிக்கு ஒரு பாறை அகலம் கூடுதல். நான் நகர்த்திய அந்த ஒற்றை எண்தான் இவர்கள் சரிவின் அகலம்.

"இன்னா மேடம், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சி?" என்றார் காசியம்மாள்.

தாளைக் காட்டிச் சொன்னேன். முழுதும் சொன்னேன், நான் எண்ணை நகர்த்தியதையும் சேர்த்து. யாரும் கத்தவில்லை. காசியம்மாள் தாளை வாங்கி அந்தக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத்துனூண்டு கட்டத்துலயா எங்க காட்ட வெச்சிருந்தீங்க?"

"ஆமாங்க."

"அத்த நகத்தி இதுல போட்டீங்க."

"ஆமாங்க."

"திருப்பி வெக்க முடியுமா?"

அது எனக்குத் தெரியாது. அதைத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் பரிமளா மேடத்தின் மேசைக்குப் போனேன். இரவில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். எட்டு வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்பது எட்டாவது. முதலாவதைச் சொல்லும்போதே அவர் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். நின்றபடியே படித்தார். மேசையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மழுங்கிய முனை முப்பத்தெட்டின்மேல் வந்து நின்றது.

"இத்த இங்க வெச்சது யாரு?"

"நான்தான் மேடம்."

"அசல்ல எங்க இருக்கு?"

"ஞாயிறுல."

நான் மலையாட்களைப் பற்றி, திங்கள் வழக்கத்தைப் பற்றி, எழுத்தர் குறிப்பைப் பற்றி வேகமாகச் சொன்னேன். இன்னும் ஆதாரம் தேவையென்றால் பக்கத்து ஊர்களிலும் விசாரித்து எழுதி வாங்கி வருகிறேன் என்றேன். மேட்டைத் தோண்டலாம் என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, அந்தப் பதினோரு வருடத்தில் முதல் முறையாக, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நித்யா, அசல் தாள்ல இருக்கறத மாத்தணும்னாதான் ஆதாரம் வேணும். அத்தத் திருப்பி அதே எடத்துல வெக்கறதுக்கு எதுக்கு ஆதாரம்?"

எனக்குக் கண் கலங்கியது. அவர் அதைப் பார்க்காதது மாதிரி ரப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினார். நானே அழித்தேன். திங்கள் கட்டம் மறுபடி காலியானது. நூறு வருடத்துக்கு முன் அது எப்படிக் காலியாக இருந்ததோ அப்படி.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார். "ஏட்டுல ப போட்டிருந்த. நான் பாத்தேன். கேக்கணும்னு தோணுச்சி, கேக்கல. அதுல பாதி என்னோடது." அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

திருத்தம் அன்று மதியமே ஆட்சேபமாகப் பதிவானது. அதில் ஆட்சேபித்தவர் பெயர் என்ற இடத்தில் காசியம்மாள் பெயரும் என் பெயரும் இருந்தன. வரைந்தவரே ஆட்சேபிக்கலாமா என்று ஒரு கேள்வி மேலேயிருந்து வந்தது. கூடாது என்று விதி இல்லை என்று மேடம் ஒரு வரியில் பதில் எழுதினார். இறுதி வரைபடம் வந்தபோது மேலாற்றின்மேல் இரண்டு பெயர்கள் இருந்தன: மேலே ஊர்க்காரர்களின் பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் சண்டே ரிவர். எல்லைக்கோடு சரிவைத் தொடாமல் மேற்கே போயிருந்தது.

பெயரின் தோற்றம் என்ற குறிப்பை எழுத வேண்டியது நான்தான். ஞாயிறன்று எட்டியதால் வந்த பெயர் என்று எழுதி எதிரே எந்த எழுத்து போடுவது என்று யோசித்தேன். துரை அப்படிச் சொல்லி எங்கும் எழுதி வைக்கவில்லை. எனக்கு நிச்சயம்தான், ஆனால் நிச்சயத்துக்கு எங்களிடம் எழுத்து கிடையாது. க என்று போட்டேன். அதற்குக் கீழே வேட்டை, ஜெபம், குதிரை, மூன்றுக்கும் கே. ப போட ஒன்றுமில்லை. மேடம் வந்து பார்த்தார். பென்சில் எங்கும் நிற்கவில்லை.

புளி உலுக்கும் காலத்தில் கடைசியாக ஒரு முறை பலாக்கானூர் போனேன். சரிவு முழுக்கச் சத்தம். மரத்துக்கு மேலே ஆட்கள், கீழே சாக்கை விரித்துக்கொண்டு பெண்கள். காசியம்மாள் என் மடியில் ஒரு கை புளியைப் போட்டார்.

"அந்த மேட்டத் தோண்டிப் பாக்கலாமா மேடம்? இன்னைக்கு வியாழக்கெழமதான்."

"இனிமே எதுக்குங்க?"

"அதான் நானும் சொல்றேன். இவன்தான் கேட்டுனே இருக்கான்." சின்னராசுவைக் காட்டினார். "எலும்பு இல்லன்னா கத போயிடும். இருந்தா குதிர போயி வெறும் எலும்புதான் மிஞ்சும். ரெண்டும் இருக்கட்டுமே."

என்னைப் பார்க்க வந்த அந்த இரண்டு பெண்களுக்கும் இதைச் சொல்லி முடித்தபோது, டேப்லெட்டில் 'ஆம்', 'இல்லை' பொத்தான்களுக்குக் கீழே குறிப்புரை என்று ஒரு சின்னக் கட்டம் இருப்பதை ஒருத்தி கண்டுபிடித்தாள். எவ்வளவு எழுதலாம் என்று தட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்து தாராளமாகக் கொள்ளும்.